மல்கோவா மட்டும், அவங்கவங்க மரத்துலேர்ந்து



வைகாசி கடைசி ஞாயித்துக்கிழமை எங்க தோட்டத்துல ஒரு சின்னக் கூட்டம் போடுறோம். விருந்து இல்லைங்க, மாம்பழம் ருசி பாக்குற கூட்டம். என்னையும் சேர்த்து ஆறு விவசாயிங்க. ஆளுக்கு நாலு மல்கோவா கொண்டு வரணும். நாலும் ஒரே மரத்துலேர்ந்து பறிச்சதா இருக்கணும். கடையில வாங்கினது ஆகாது. யாரு பழம் எதுன்னு தெரியாம நம்பர் போட்டு, துண்டு போட்டு, தின்னு பாத்து, மார்க் போடணும். அந்த மார்க்கை வச்சு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கு. அது என்னன்னு பின்னாடி சொல்றேன். ஏற்பாடு எப்படிப் பண்றோம்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா இதைச் சென்னையில ஃப்ளாட்டுல இருக்கிறவங்களும் செய்யலாம்.

யோசனை எங்க மாப்பிள்ளையோடது. அவர் பெங்களூர்ல வேலையில இருக்காரு. பொங்கலுக்கு வந்தப்ப பேச்சுவாக்குல சொன்னாரு: "மாமா, எங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மாசம் ஒருக்கா ஒரு வீட்ல கூடுவோம். ஆளுக்கு ஒரு ஒயின் பாட்டில் கொண்டு வரணும். எல்லாரும் ஒரே திராட்சையில செஞ்ச ஒயினாத்தான் கொண்டு வரணும்னு முதல்லயே பேசிக்குவோம். பாட்டிலைப் பேப்பர்ல சுத்தி நம்பர் போட்டுருவோம். கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி ருசி பாத்து மார்க் போடுவோம். கடைசியிலதான் பேப்பரைப் பிரிப்போம்."

வீட்டுக்காரம்மா அடுப்படியிலேர்ந்து எட்டிப் பாத்தாங்க. நம்ம ஊர்ல ஒயின்ஸ்னு போர்டு இருந்தா உள்ள என்ன விக்கும்னு உங்களுக்கே தெரியும். அவங்க பயந்ததுல தப்பில்லை. அதுவுமில்லாம எங்க ஊருக்கு ஒரு சரித்திரம் வேற இருக்கு. சேலம் நகராட்சித் தலைவரா இருந்த ராஜாஜி, சென்னை மாகாணத்துல ஆட்சிக்கு வந்ததும் மதுவிலக்கை முதன்முதல்ல கொண்டு வந்தது எங்க சேலம் ஜில்லாவுலதான், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி. அப்ப நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் ஜில்லாவுக்குள்ளதான். அந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு பாட்டில் ருசி பாக்குற கதையைக் கேக்குறோமேன்னு சிரிச்சோம்.

ஆனா ராத்திரி படுத்தப்ப அந்தப் பேப்பர் சுத்துற விஷயம் மண்டைக்குள்ளயே சுத்திச்சு. பாட்டிலுக்குப் பதிலா மாம்பழத்தை வச்சா என்ன?

எதுக்கு மாம்பழம்னா, எங்க பக்கத்துல யாரு பழம் ஒசத்திங்கற சண்டை டீக்கடை பெஞ்சுல வருஷா வருஷம் நடக்கும். அஸ்தம்பட்டின்னா இப்ப ரவுண்டானா, ஆஸ்பத்திரி, துணிக்கடைன்னு டவுனு. ஆனா அங்கேர்ந்து ஏற்காடு ரோட்டுல போனா மலை அடிவாரம் வந்துரும். என் வீடு அஸ்தம்பட்டியில, என் ரெண்டரை ஏக்கர் கன்னங்குறிச்சியைத் தாண்டி மலைப் பக்கம். எங்களுக்குள்ள வரகம்பாடிக்காரர் ஒருத்தர், குப்பனூர்க்காரர் ஒருத்தர், டேனிஷ்பேட்டையில ஒருத்தர், வாழப்பாடியில ஒருத்தர், அடிவாரத்துல ஒரு அண்ணன். எல்லார்கிட்டயும் மா மரம் இருக்கு. எல்லாரும் அவங்கவங்க பழம்தான் தேன்னு சொல்லுவாங்க. வரகம்பாடி மச்சான் ஒருபடி மேல போய், "எங்க ஊர்ப் பேரைச் சொன்னாலே சின்னக்கடை வீதியில வெலை ஏறும்"பாரு. பேரைச் சொன்னா வெலை ஏறும், சரி. பேரைச் சொல்லாம வச்சா?

மாப்பிள்ளைகிட்ட இதைச் சொன்னப்ப அவர் ஒரு கதை சொன்னாரு. 1976 மே 24-ஆம் தேதி, பாரிஸ் நகரத்துல. அங்க ஒயின் கடை வச்சிருந்த ஸ்டீவன் ஸ்பரியர்ங்கற இங்கிலீஷ்காரர் ஒரு போட்டி வச்சாரு. பிரான்ஸ் நாட்டு ஒயினும் அமெரிக்காவுல கலிபோர்னியா ஒயினும். பாட்டில் பேர் தெரியாம மார்க் போட்டவங்க ஒம்பது பேரு, எல்லாருமே பிரான்ஸ்காரங்க, தொழில்ல பெரிய ஆளுங்க. கடைசியில பாத்தா வெள்ளை, சிவப்பு ரெண்டுலயும் கலிபோர்னியா சரக்குக்குத்தான் முதல் இடம். பேரைப் பாத்து மார்க் போட்டிருந்தா அது நடந்திருக்குமா? நாக்கு பொய் சொல்லலை. கண்ணும் காதும்தான் நாக்குக்கு முன்னாடி போய் சாட்சி சொல்லிடுது.

அவ்வளவு தூரம் போவானேன். நம்ம காரைக்கால் அம்மையார் கதையில என்ன நடக்குது? பரமதத்தன் ரெண்டு மாம்பழம் வீட்டுக்குக் குடுத்து அனுப்பறாரு. புனிதவதி ஒண்ணைச் சிவனடியாருக்குச் சோத்தோட வச்சிடறாங்க. மத்தியானம் புருஷன் மீதி ஒண்ணைத் தின்னுட்டு, நல்லா இருக்கு, இன்னொண்ணையும் கொண்டாங்கறாரு. அந்தம்மா சாமியை வேண்டிக்கிட்டதும் கையில ஒரு பழம் வருது. அதைத் தின்னவுடனே அவருக்குத் தெரிஞ்சு போச்சு, இது முன்ன தின்ன பழத்தோட ருசி இல்லைன்னு. யாருகிட்ட வாங்கினேன்னு கேக்குறாரு. காரைக்கால்ல வருஷா வருஷம் ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவுல பழத்தை வீசுறப்பல்லாம் பக்தியோட இதையும் நான் நினைச்சுக்குவேன். அடுத்தடுத்து ரெண்டு பழம் தின்னா வித்தியாசம் நாக்குக்குப் புடிபட்டுரும். ஒண்ணை இன்னைக்கும் இன்னொண்ணைப் போன வருஷமும் தின்னவங்கதான் டீக்கடையில சண்டை போடுறாங்க.

சரி, ஏற்பாட்டுக்கு வர்றேன்.

முதல் விஷயம் ரகம். சேலம் மாம்பழம்னு சொன்னாலும் அது ஒரு பழம் இல்லை. செந்தூரா முன்னாடி வரும். பங்கனப்பள்ளி, இமாம் பசந்த், குண்டு, நடுசாலை, மல்கோவா எல்லாம் வரிசையா வந்து, நீலம் கடைசியில வரும். பெங்களூரா இருக்கு, கிளிமூக்கு மாதிரி நுனி வளைஞ்சு, காயா உப்பு மொளகாய்த்தூள் தொட்டுத் தின்ன அதுக்கு நிகர் இல்லை. இத்தனையும் ஒண்ணா வச்சு மார்க் போடுங்கன்னா அது ருசிப் போட்டி ஆகாது. இமாம் பசந்த் புடிச்சவன் இமாம் பசந்துக்குப் போடுவான். ராகிக் களிக்கும் இட்டிலிக்கும் எப்படி மார்க் போடுறது? அதனால ஒரே ரகம்னு வச்சோம், மல்கோவா மட்டும்.

மல்கோவா ஏன்னா, அது பாக்குறதுக்கு ஏமாத்தும். உருண்டையா, கனமா, தோல் தடிச்சு இருக்கும். நல்லாப் பழுத்தாலும் முழு மஞ்சளாகாது, பச்சை ஒட்டிக்கிட்டு நிக்கும். உள்ள கொட்டை சின்னது, சதை வெண்ணெய் மாதிரி, நார் இருக்காது. காய்ப்பு கம்மி, அதுவும் ஒரு வருஷம் காய்ச்சா அடுத்த வருஷம் ஓய்வெடுத்துக்கும். அதனாலயே நிறைய பேர் மல்கோவாவை எடுத்துட்டு, கூழ் ஃபேக்டரிக்குப் போற பெங்களூராவுக்கு மாறிட்டாங்க. நாங்க யாரும் அவங்களைக் குத்தம் சொல்றதில்லை. பிள்ளைங்களைப் படிக்க வைக்கணுமே.

ரெண்டாவது விஷயம் பறிக்கிற நாள். ஒயின் பாட்டில்னா எந்த நாளும் கொண்டு வரலாம், மாம்பழம் அப்படி இல்லை. ஞாயித்துக்கிழமை காலையில எல்லார் பழமும் ஒரே பக்குவத்துல இருக்கணும். ஒருத்தர் பழம் செங்காயா, இன்னொருத்தர் பழம் அளிஞ்சும் இருந்தா மார்க்குக்கு அர்த்தமே இல்லை. வைக்கோல்ல வச்சா மல்கோவா எங்க வீட்ல எட்டுலேர்ந்து பத்து நாள் எடுக்கும். அதனால அதுக்கு முந்தின வாரத்து வெள்ளிக்கிழமை காலையில எல்லாரும் பறிச்சுரணும்னு பேசி முடிச்சிருக்கோம்.

முத்தினதான்னு பாக்க ரெண்டு அடையாளம் உண்டு. காம்புகிட்ட தோள்பட்டை ரெண்டும் பொடைச்சு, காம்பு குழிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கணும். அப்புறம் ஒரு பக்கெட் தண்ணியில போட்டா முத்தின காய் முழுகும், பிஞ்சு மெதக்கும். முழுகினதை மட்டும்தான் எடுக்கணும். கம்பால தட்டி உதிர்க்கக் கூடாது, வலை கட்டின தொரட்டியில காம்போட பறிக்கணும். காம்பைக் கிள்ளினா பால் வடியும். அது தோல்ல பட்டா கறுத்துப் போகும், தலைகீழா கவுத்து வடிய விட்டுட்டுத்தான் வைக்கோல்ல வைக்கணும். வைக்கோல் ஒரு அடுக்கு, காய் ஒரு அடுக்கு. தினம் ஒரு தடவை மோந்து பாக்கணும். கையால அமுக்கிப் பாக்குற பழக்கத்தை விட்டுருங்க. நம்ம விரல் பட்ட இடம்தான் முதல்ல அழுகும்.

மூணாவது விஷயம், கல்லு கூடாது. கல்லுன்னா கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டா அசிட்டிலீன் வாயு வரும், தோல் மளமளன்னு மஞ்சளாயிரும். ஆனா உள்ள பழம் பழுத்திருக்காது. மணமும் வராது, இனிப்பும் முழுசா ஏறாது. அதுல ஆர்சனிக், பாஸ்பரஸ் மாதிரி விஷக் கழிவும் ஒட்டியிருக்கும். 2011-ல வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள்லயே கல்லு வச்சுப் பழுக்க வைக்கத் தடை இருக்கு. 2016-லேர்ந்து எத்திலீன் வாயு வச்சுப் பழுக்க வைக்கலாம்னு அனுமதி குடுத்திருக்காங்க, 100 பிபிஎம் அளவுக்குள்ள. எத்திலீன் மாங்காயே பழுக்குறப்ப விடுற வாயுதான். இருந்தாலும் எங்க கூட்டத்துக்கு வைக்கோல் மட்டும்தான். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்ல.

நாலாவது, வெட்டுறதும் பரிமாறுறதும். இதுலதான் மாப்பிள்ளை நிறைய சொல்லிக் குடுத்தாரு. எங்க சேக்காளி ஒருத்தர் ரிட்டயர்டு வாத்தியார், அவருக்கு மரமே கிடையாது. பழம் எல்லாம் அவர்கிட்ட போயிரும். நம்பர் போடுறது அவரு, எந்த நம்பர் யாரோடதுங்கறது அவர் பாக்கெட்ல இருக்கிற சீட்டுல மட்டும்தான் இருக்கும். தோல் சீவி வெட்டுறது எங்க வீட்டுக்காரம்மா. தோலைப் பாத்தா மச்சான் அவர் பழத்தைக் கண்டுபுடிச்சுருவாரு, அதனால தோல் சீவித்தான் தட்டுக்கு வரும். ஒரு பழத்துலயே காம்புப் பக்கம் ஒரு ருசி, நுனிப் பக்கம் ஒரு ருசி. ஒருத்தருக்குக் காம்புத் துண்டும் இன்னொருத்தருக்கு நுனித் துண்டும் போயிரக் கூடாது. கன்னத்தை நீளவாக்குல கீறிக் குடுத்தா எல்லாருக்கும் ரெண்டும் வந்துரும்.

ஃபிரிட்ஜ்ல வச்ச பழம் வேண்டாம். சில்லுன்னு இருந்தா மணம் எழும்பாது. கூட்டம் காலை ஏழு மணிக்கு. அதுக்கு முன்னாடி காப்பி, வெத்தலை, பீடி எதுவும் கூடாது. இதுக்குத்தான் டேனிஷ்பேட்டைக்காரர் ரொம்ப யோசிச்சாரு. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவுல ஒரு கை பொரி, ஒரு வாய் தண்ணி. பொரி நாக்குல இருக்கிற இனிப்பைத் தொடைச்சு எடுத்துரும். உப்புக் கடலை வேண்டாம்னு வாத்தியார் கண்டிப்பா சொல்லிட்டாரு. உப்பு பட்டா அடுத்த பழம் இன்னும் இனிக்கும்.

மொத்தம் எட்டு தட்டுதான். அதுக்கு மேல போனா நாக்கு மரத்துப் போகும், கடைசிப் பழத்துக்கு அநியாயம். ஆறு பேருக்கு ஆறு தட்டுதானே, எட்டு எப்படின்னு கேப்பீங்க. அடிவாரத்து அண்ணன் ரெண்டு மரத்துலேர்ந்து கொண்டு வர்றாரு, அதுக்குக் காரணம் இருக்கு. இன்னொரு தட்டு எங்க நாக்குக்கு வைக்கிற பரீட்சை. ஏழுல ஏதோ ஒரு பழத்தை வாத்தியார் வேற நம்பர்ல மறுபடியும் வைப்பாரு. எதுன்னு எங்களுக்குத் தெரியாது. ஒரே பழத்துக்கு ஒருத்தர் மூணாம் தட்டுல 17-ம், ஏழாம் தட்டுல 9-ம் போட்டிருந்தா அவர் மார்க்கைக் கணக்குல சேர்க்க மாட்டோம். மச்சான் இந்தச் சட்டத்தைக் கேட்டுட்டு ரெண்டு நாள் பேசவே இல்லை.

மார்க் 20-க்கு. மணத்துக்கு 4, இனிப்பும் புளிப்பும் சேர்ற பக்குவத்துக்கு 6, சதைக்கு 4, முழுங்கினப்புறம் வாயில நிக்கிற ருசிக்கு 4, கொட்டை சின்னதா இருந்தா 2. இனிப்புக்கு மட்டும்னு தனி மார்க் வைக்கலை. சர்க்கரை எந்தக் கடையிலயும் கிடைக்கும். பழத்துல அந்த ஓரத்துப் புளிப்பு இல்லைன்னா ரெண்டாவது துண்டு தின்னத் தோணாது. பாக்குற அழகுக்கு மார்க்கே இல்லை.

இனிமே முடிவைப் பத்திச் சொல்றேன்.

போன வருஷம் ஆனியில நாட்டு மாங்கொட்டை போட்டு வளர்த்தேன். இப்ப 30 கன்னு பென்சில் மொத்தத்துல நிக்குது. ஒட்டுக் கட்ட வச்சது. நல்ல மல்கோவா கொட்டையைப் போட்டாலும் மல்கோவா வராதுங்க. பூவுல எந்த மரத்து மகரந்தம் வந்து சேர்ந்துச்சோ, பிள்ளை வேற மாதிரி ஆயிரும். அப்படியே அதே மரம் வேணும்னா குச்சி எடுத்து ஒட்டுக் கட்டணும். கன்னோட தலையை வெட்டி, நடுவுல பொளந்து, ஆப்பு மாதிரி சீவின குச்சியைச் சொருகி, பிளாஸ்டிக் பட்டை சுத்திக் கட்டணும். குச்சி எடுக்கிறதுக்குப் பத்து நாள் முன்னாடியே அந்தக் கிளையில இலைத்தண்டை மட்டும் விட்டுட்டு இலையைக் கிள்ளிடணும். அப்பத்தான் மொட்டு வீங்கி, ஒட்டு சீக்கிரம் புடிக்கும். காத்துல ஈரம் இருக்கிற ஆனி, ஆடிதான் அதுக்குத் தோது. அதனால எந்த மரம்னு வைகாசிக்குள்ள தெரிஞ்சாகணும்.

இந்த வருஷமே தெரிஞ்சாகணும்ங்கறதுக்கு இன்னொரு காரணம் அடிவாரத்து அண்ணன். அவங்க பாகம் பிரிஞ்சாச்சு. தை மாசம் அளந்து கல்லு நட்டாச்சு. வாங்கினவங்க இந்த மகசூல் எடுக்கிற வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. ஆவணி பொறந்தா மனையாக்கிற வேலை ஆரம்பிச்சுரும். அவரோட மல்கோவா ரெண்டும் அவங்கப்பா வச்சது, அறுபது வருஷத்து மரம். எங்க அஞ்சு பேர் மரமும் அடுத்த வருஷமும் நிக்கும், அவரோடது நிக்காது.

அதனால கூட்டத்துக்கு முன்னாடியே வாழப்பாடிக்காரர் சொல்லிட்டாரு: "எதுக்குப் போட்டி? முப்பது கன்னுலயும் அண்ணன் மரத்துக் குச்சியையே கட்டிருவோம்." எல்லாரும் தலையாட்டினோம். அண்ணன் மட்டும் ஆட்டலை. "பாவம் பாத்து ஒட்டுக் கட்டாதீங்கப்பா. நாப்பது வருஷம் ஒரு மரத்துக்கு இடமும் தண்ணியும் குடுக்கப் போறீங்க. ருசி இருந்தா கட்டுங்க. இல்லைன்னா எங்கப்பா பேரைச் சொல்லி ஒரு சுமாரான பழத்தை உங்க பேரன் தின்ன வேண்டாம். நம்பர் போட்டே வைங்க." அப்படின்னுட்டு டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு.

அவர் சொன்னதுக்கப்புறம் இது வெளையாட்டுக் கூட்டமா இல்லை. நான் ஏன் இவ்வளவு சட்டம் போடுறேன்னு இப்ப உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். பேர் தெரிஞ்சா மனசு எந்தப் பக்கம் சாயும்னு எல்லாருக்கும் தெரியும்.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. குப்பனூர்த் தம்பிதான் அதைக் கேட்டாரு. "அண்ணே, ஒட்டு மல்கோவான்னா எல்லாமே ஒரே தாய் மரத்தோட துண்டுதானே? அப்புறம் ருசி எப்படி மாறும்? மண்ணும் தண்ணியும்தான் மாறுது. மண்ணோட ருசியைக் குச்சியில எப்படி எடுத்துட்டுப் போறது?"

நியாயமான கேள்வி. என் நிலம் செம்மண் சரளை. அண்ணன் நிலத்துல வெள்ளைக்கல் கலந்திருக்கும். வாழப்பாடியில சொட்டுநீர் விடுறாங்க, எனக்கு மழைதான். காய் ஏராளமா புடிச்ச வருஷம் இனிப்பு குறையும், பழுக்கிறப்ப மழை விழுந்தா தண்ணியா இருக்கும். இதெல்லாம் குச்சியோட வராது. ஆனா சில சமயம் மரத்துக்குள்ளயே வித்தியாசம் இருக்கும். ஒரு கிளையில இயற்கையாவே ஏதோ மாறி, அந்தக் குணம் ஒட்டு வழியா தொடர்ந்து வரும். கிருஷ்ணகிரி மாவட்டம் பையூர் ஆராய்ச்சி நிலையத்துல நீலம் மரங்களுக்கு நடுவுலேர்ந்து பொறுக்கி எடுத்ததுதான் பையூர் 1 ரகம். மரம் குட்டையா நிக்கும், நெருக்கி நடலாம். எல்லா நீலமும் அச்சு அசலா ஒண்ணுன்னா அப்படிப் பொறுக்கியிருக்க முடியுமா?

அதுக்காகத்தான் அண்ணனை ரெண்டு மரத்துலேர்ந்தும் கொண்டு வரச் சொன்னோம். ரெண்டும் ஒரே மண்ணு, ஒரே கிணத்துத் தண்ணி, ஒரே வயசு. ரெண்டுக்கும் மார்க் கிட்டத்தட்ட ஒண்ணா வந்தா, ருசி அந்த மண்ணோடதுன்னு ஒரு யூகத்துக்கு வரலாம். ஒண்ணுக்கு 18-ம் ஒண்ணுக்கு 12-ம் வந்தா, மரத்துல ஏதோ இருக்குன்னு நினைக்கலாம். ஒரு நாள் கூட்டத்துல இது முழுசா நிரூபணம் ஆகாதுங்கறது எங்களுக்கும் தெரியும்.

அதனால முடிவு இப்படி. முதல் மார்க் வாங்குற மரத்துக்கு 20 கன்னு, ரெண்டாவது மரத்துக்கு 10. ஒட்டுப் புடிச்சதும் நிலம் இருக்கிற அஞ்சு பேரும் ஆளுக்கு ஆறு எடுத்துக்கறோம். அதே குச்சி அஞ்சு ஊர் மண்ணுல வளரும். முதல் மூணு வருஷம் பூவைக் கிள்ளி விட்டுருவோம், மரம் தேறணும்ல. அஞ்சாறு வருஷத்துல காய் பாத்துரலாம். அப்ப இதே மாதிரி நம்பர் போட்டு இன்னொரு கூட்டம். அன்னைக்கு அஞ்சு மண்ணுலயும் ஒரே ருசி வந்தா குச்சி ஜெயிச்சுது. வேற வேறயா வந்தா மண்ணு ஜெயிச்சுது. எப்படி வந்தாலும் தின்ன பழம் இருக்கும். எனக்கு அப்ப அறுபது தாண்டியிருக்கும்.

ஒருவேளை அண்ணன் மரம் ரெண்டுமே பின்னாடி போயிட்டா? இதை எங்களுக்குள்ள யாரும் வாய்விட்டுக் கேக்கலை. ஆனா சொன்னபடிதான் செய்வோம். அவர் கேட்டுக்கிட்டது அதைத்தான். அவர் மரத்துப் பழம் கடைசியா ஒருக்கா, பேரு, பாசம், பரிதாபம் எதுவும் கலக்காம, பழமா மட்டும் தட்டுல வரும். இத்தனை வருஷத்துல எந்த வியாபாரியும் அதுக்கு அந்த மரியாதை பண்ணலை. எடை போட்டாங்க, பெட்டியில அடுக்கினாங்க, போயிட்டாங்க.

இப்ப பட்டணத்து நண்பர்களுக்கு. உங்களுக்கு மரம் வேண்டாம். நாலஞ்சு குடும்பம் சேருங்க. ஒரு ரகத்தை முடிவு பண்ணுங்க, பங்கனப்பள்ளியோ இமாம் பசந்தோ. ஆளுக்கு ஒரு கடையிலேர்ந்து, இல்லைன்னா தெரிஞ்ச விவசாயிகிட்டேர்ந்து ரெண்டு பழம். வெலையையும் கடைப் பேரையும் சீட்டுல எழுதி மடிச்சு ஒருத்தர்கிட்ட குடுங்க, அவர் மார்க் போடக் கூடாது. ஸ்டிக்கர் இருந்தா உரிச்சுருங்க. தோல் சீவித் துண்டு போட்டு, நடுவுல பொரி, தண்ணி. ஒரு பழத்தை ரெண்டு தடவை வைக்க மறக்காதீங்க. குழந்தைங்களையும் மார்க் போடச் சொல்லுங்க, அவங்களுக்குக் கடைப் பேரும் தெரியாது, வெலையும் தெரியாது. சீட்டைப் பிரிக்கிறப்ப கிலோ 300 ரூபாய்ப் பழமும் 120 ரூபாய்ப் பழமும் எங்கெங்க நிக்குதுன்னு பாருங்க. ஜெயிச்ச பழத்தை விளைவிச்சவர் யாருன்னு தேடிப் புடிச்சு, அடுத்த வருஷம் அவர்கிட்டயே கேட்டு வாங்குங்க. மல்கோவா மாதிரி கம்மியா காய்க்கிற மரத்தை ஒரு விவசாயி வெட்டாம வச்சிருக்கிறதுக்கு, ருசி தெரிஞ்சு தேடி வர்ற பத்து வீடு இருந்தாப் போதும்.

பறிக்கிற வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு. வைக்கோல் காய வச்சாச்சு. பொரி ரெண்டு படி சொல்லி வச்சிருக்கேன். மச்சான் நேத்து போன் பண்ணி, எட்டாவது தட்டு எந்தப் பழம்னு வாத்தியார்கிட்ட நைசா கேட்டுச் சொல்ல முடியுமான்னு கேட்டாரு. வாத்தியாருக்கே இன்னும் தெரியாதுன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை மார்க் சீட்டு பிரிச்சதும் யாரு எந்த இடம்னு இங்கயே எழுதறேன்.